புல்வெட்டியின் உடைந்த எஞ்சினைக் கழற்றி வேறொரு எஞ்சினைப் பொருத்துதல்: முழுமையான வழிகாட்டி

புல்வெட்டியின் டெக் (எஞ்சினைத் தாங்கிப் பிளேடை மூடியிருக்கும் உடற்பகுதி), சக்கரங்கள், கைப்பிடி எல்லாம் உறுதியாக இருந்து எஞ்சின் மட்டும் உடைந்துபோயிருந்தால், வேறொரு எஞ்சினை வைத்து அந்த இயந்திரத்தை இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம். அதே மாடல் எஞ்சின் கிடைத்துவிட்டால் வேலை எளிது. பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. தயாரிப்பு நின்றுபோயிருக்கும், அல்லது புதிய எஞ்சினின் விலை புதுப் புல்வெட்டியின் விலையை நெருங்கிவிடும். எடுத்துக்காட்டாக, ஒரு காலத்தில் எண்ணற்ற புல்வெட்டிகளில் இருந்த டெகம்சே எஞ்சின்களின் உற்பத்தி 2008-இல் நின்றுவிட்டது. அவற்றை வைத்திருப்பவர்கள் வேறு நிறுவனத்தின் எஞ்சினைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

வேறொரு எஞ்சின் என்றதும் பலரும் முதலில் கேட்பது அது எத்தனை குதிரைத்திறன் என்பதைத்தான். உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. கிராங்க்‌ஷாஃப்டின், அதாவது எஞ்சினிலிருந்து வெளிவந்து பிளேடைச் சுழற்றும் தண்டின், விட்டம், அதன் நீளம், அடிப்பகுதி போல்ட் துளைகளின் இடம், பிளேடை நிறுத்தும் பிரேக், எஞ்சினின் உச்ச வேகம் ஆகிய ஐந்தும் பொருந்தினால் திறன் சற்று முன்பின் இருந்தாலும் புல்வெட்டி நன்றாகவே ஓடும். இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் எவ்வளவு வலிமையான எஞ்சினாக இருந்தாலும் பயனில்லை, சில வேளைகளில் அது ஆபத்தாகவும் முடியும். ஆகவே இந்த வழிகாட்டியில் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளுக்கே அதிக இடம் தரப்பட்டிருக்கிறது.

எஞ்சின் உண்மையிலேயே போய்விட்டதா?

ஸ்டார்ட் ஆகாத எஞ்சின்களில் பெரும்பகுதி உடைந்தவை அல்ல. பழைய பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசினாகப் படிந்திருக்கும், அல்லது ஸ்பார்க் பிளக் செத்திருக்கும். பிளேடு கல்லிலோ வேரிலோ மோதிய பிறகு ஸ்டார்ட் ஆக மறுத்தால் ஃப்ளைவீல் கீயைச் சந்தேகிக்க வேண்டும். ஃப்ளைவீல் என்பது எஞ்சினின் சுழற்சியைச் சீராக்கும் சக்கரம். ஃப்ளைவீலையும் கிராங்க்‌ஷாஃப்டையும் இணைக்கும் அந்தச் சிறு உலோகத் துண்டு பெரும்பாலான சிறு எஞ்சின்களில் வேண்டுமென்றே மென்மையான உலோகத்தால் செய்யப்படுகிறது. மோதலில் அது அறுபட்டாலோ சற்று நசுங்கினாலோ ஸ்பார்க் வரும் நேரம் விலகிவிடும். எஞ்சின் உதைக்கும், வெடிப்பது போல ஒலிக்கும், ஆனால் ஓடாது. மிகக் குறைந்த விலையுள்ள ஒரு கீயை மாற்றினால் தீரக்கூடிய குறைக்காக எஞ்சினையே மாற்றுவது வீண்செலவு.

மாற்றியே ஆக வேண்டிய நிலைகள் வேறு. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு முறிந்து எஞ்சினின் உறையான கிராங்க்கேஸைத் துளைத்து வெளியே வந்திருப்பது, ஆயில் இல்லாமல் ஓடி பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போயிருப்பது, கிராங்க்‌ஷாஃப்ட் வளைந்திருப்பது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. வளைவைக் கண்டறிய ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டுப் பிளேடையும் அகற்றி, ஷாஃப்டின் முனைக்கு எதிரே டெக்கில் ஒரு கம்பியை அசையாமல் பொருத்துங்கள். ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்து ஷாஃப்டைச் சுழற்றும்போது கம்பிக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி மாறிக்கொண்டே இருந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது என்று பொருள். வளைந்த ஷாஃப்டை நிமிர்த்தி ஓட்டக் கூடாது, நிமிர்த்திய இடத்தில் விரிசல் மறைந்திருக்கும்.

கம்ப்ரஷன் மானியை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். இன்றைய சிறு எஞ்சின்கள் பலவற்றில், கயிற்றை இழுப்பது எளிதாக இருக்கும்படி, ஸ்டார்ட் செய்யும் வேகத்தில் வால்வைச் சற்றுத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு இருக்கிறது. அதனால் நல்ல எஞ்சினும் குறைந்த அளவைக் காட்டக்கூடும். சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி அது எவ்வழியே கசிகிறது என்று பார்க்கும் சோதனை இதைவிட நம்பகமானது.

அளவெடுத்தல்

பழைய எஞ்சினின் உறையில் பொறித்துள்ள எண்களை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்களில் மாடல், டைப், கோட் என மூன்று எண்கள் இருக்கும். மாடல் எண்ணின் முதல் ஒன்றிரண்டு இலக்கங்கள் எஞ்சினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் குறிக்கும். 12 என்று தொடங்கினால் ஏறத்தாழ 12 கன அங்குலம், அதாவது சுமார் 190 சிசி. கோட் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் தயாரான ஆண்டைச் சொல்லும். டைப் எண்ணை அலட்சியப்படுத்தக் கூடாது. ஒரே மாடலில் ஷாஃப்டின் அளவு வேறுபடுவதை அந்த எண்தான் காட்டுகிறது.

அடுத்தது ஷாஃப்டின் விட்டம். தள்ளிச் செல்லும் புல்வெட்டிகளில் மிகப் பரவலாக இருப்பது 7/8 அங்குலம், அதாவது 22.2 மி.மீ. சில இயந்திரங்களில் 25 மி.மீ. ஷாஃப்டும், உட்கார்ந்து ஓட்டும் வகையில் பெரும்பாலும் 1 அங்குல ஷாஃப்டும், அதாவது 25.4 மி.மீ., இருக்கும். 25-க்கும் 25.4-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது; வெர்னியர் காலிபர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். 25 மி.மீ. ஷாஃப்டில் 1 அங்குலத் துளையுள்ள பிளேடு அடாப்டர், அதாவது பிளேடை ஷாஃப்டோடு இணைக்கும் துண்டு, எளிதாக நுழையும், இறுக்கமாகவும் தோன்றும், ஆனால் ஓடும்போது அந்த 0.4 மி.மீ. இடைவெளி அதிர்வாக மாறிக் கீயையும் அடாப்டரையும் தின்றுவிடும்.

நீளத்தை அளக்கும்போது எங்கிருந்து அளக்கிறோம் என்பது முக்கியம். எஞ்சின் டெக்கின் மேல் உட்காரும் தட்டையான பரப்பிலிருந்து ஷாஃப்டின் கீழ் முனை வரையுள்ள தூரமே கணக்கு. 7/8 அங்குல ஷாஃப்டில் அடிக்கடி காணப்படும் நீளம் 3 5/32 அங்குலம், ஏறத்தாழ 80 மி.மீ. பிளேடு மட்டும் நேரடியாகப் பொருந்தும் இயந்திரங்களில் இதைவிடக் குட்டையான ஷாஃப்டுகளும் உண்டு. சக்கரங்களை எஞ்சினே இழுக்கும் வகையில், பிளேடுக்கு மேலே பெல்ட் ஓடும் புல்லிக்கும் இடம் வேண்டும் என்பதால் நீளம் கூடும். ஷாஃப்ட் நீளமாகிவிட்டால் பிளேடு கீழே இறங்கி டெக்கின் விளிம்பைத் தாண்டி வெளியே தெரியலாம், அப்படிப்பட்ட இயந்திரத்தை ஓட்டவே கூடாது. குட்டையாகிவிட்டால் அடாப்டர் முழுமையாக உட்காராது, வெட்டும் உயரமும் மாறிவிடும். நீளக் குறையை ஈடுகட்டப் பிளேடுக்கு மேல் வாஷர்களை அடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது முற்றிலும் தவறு.

ஷாஃப்டிலேயே இன்னும் இரண்டு விவரங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று கீ உட்காரும் பள்ளம். 7/8 அங்குல ஷாஃப்டில் அதன் அகலம் பொதுவாக 3/16 அங்குலமும், 1 அங்குல ஷாஃப்டில் 1/4 அங்குலமும் இருக்கும். மற்றொன்று முனையில் பிளேடு போல்டுக்காக உள்ள மரை. 7/8 அங்குல ஷாஃப்டில் பெரும்பாலும் 3/8 அங்குல போல்ட், அங்குலத்துக்கு 24 மரை. 1 அங்குல ஷாஃப்டில் 7/16 அங்குல போல்ட், அங்குலத்துக்கு 20 மரை. மெட்ரிக் மரையுள்ள எஞ்சின்களும் உண்டு என்பதால் பழைய போல்டைப் புதிய ஷாஃப்டில் கையாலேயே திருகிப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு முழுவதும் இறங்க வேண்டும். இரண்டு சுற்றில் இறுகினால் அந்த போல்ட் அதற்குரியது அல்ல.

இனி போல்ட் துளைகள். எஞ்சின் டெக்கில் மூன்று அல்லது நான்கு போல்ட்களால் நிற்கிறது. இந்தத் துளைகள் ஷாஃப்டை மையமாகக் கொண்ட ஒரு வட்டத்தின் மேல் அமைந்திருக்கும். தள்ளிச் செல்லும் புல்வெட்டிகளில் அந்த வட்டத்தின் விட்டம் பெரும்பாலும் 8 அங்குலத்தை ஒட்டியும், உட்கார்ந்து ஓட்டும் வகையில் 10 அங்குலமாகவும் இருக்கும். நடுவே ஷாஃப்ட் துளை இருப்பதால் விட்டத்தை நேரடியாக அளப்பது சிரமம். மூன்று துளைகள் சம இடைவெளியில் இருந்தால் அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து 1.155-ஆல் பெருக்குங்கள். 176 மி.மீ. வந்தால் வட்டம் 203 மி.மீ., அதாவது 8 அங்குலம். இடைவெளிகள் சமமாக இல்லாவிட்டால் இந்தக் கணக்கு உதவாது. அப்போது தடித்த அட்டையை டெக்கின் மேல் வைத்து ஷாஃப்ட் துளையையும் போல்ட் துளைகளையும் பென்சிலால் தடவிப் பதித்து வெட்டி, அந்த அட்டையையே எடுத்துச் சென்று புதிய எஞ்சினின் அடியில் வைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

சில பழைய எஞ்சின்களில் கிராங்க்‌ஷாஃப்ட் தவிரப் பக்கவாட்டில் இன்னொரு சிறு ஷாஃப்ட் வெளியே வந்து சக்கரங்களை ஓட்டும். உங்கள் எஞ்சினில் அது இருந்தால் அதேபோன்ற ஷாஃப்ட் உள்ள எஞ்சினைத்தான் தேட வேண்டும், அல்லது சக்கர இழுவையைத் துறந்து கையால் தள்ளுவதற்கு மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும்.

பிரேக் இல்லாத எஞ்சினை வைக்க வேண்டாம்

கைப்பிடியை விட்டதும் பிளேடு நிற்க வேண்டும். அமெரிக்காவில் 1982 ஜூன் 30-க்குப் பிறகு தயாரான தள்ளிச் செல்லும் புல்வெட்டிகளில், கைப்பிடியை விட்ட 3 வினாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்பது விதி. பெரும்பாலான இயந்திரங்கள் இதை ஃப்ளைவீலை அழுத்திப் பிடிக்கும் ஒரு பிரேக் பட்டையால் செய்கின்றன. கைப்பிடியிலிருந்து வரும் கேபிளை விட்டவுடன் பட்டை ஃப்ளைவீலைப் பிடிக்கிறது, அதே அசைவில் ஸ்பார்க்கும் நிறுத்தப்படுகிறது. விலை கூடிய சிலவற்றில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிளேடு மட்டும் ஒரு கிளட்ச் வழியாக நிறுத்தப்படும்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷரின் எஞ்சினும் செங்குத்து ஷாஃப்ட் கொண்டது, பழைய சந்தையில் மலிவாகக் கிடைப்பது, பார்ப்பதற்குப் புல்வெட்டி எஞ்சின் போலவே இருப்பது. ஆனால் அதில் ஃப்ளைவீல் பிரேக் இருக்காது. ஷாஃப்டும் பெரும்பாலும் குட்டையாக, முனையில் பிளேடு போல்டுக்கான மரை இல்லாமல் இருக்கும். எப்படியாவது ஒட்டவைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். கைப்பிடியை விட்ட பின்னும் பல வினாடிகள் சுழலும் பிளேடின் அருகே குனிந்து அடைத்த புல்லை எடுக்கும் கையை நினைத்தால் அதைப் பரிந்துரைக்க என்னால் முடியாது.

இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. புல்வெட்டி எஞ்சின்களில் பலவற்றின் ஃப்ளைவீல் எடை குறைந்த அலுமினியத்தால் ஆனது. பிளேடின் எடைதான் ஃப்ளைவீலின் குறையை நிரப்புகிறது. ஆகவே அத்தகைய எஞ்சினைப் பிளேடு இல்லாமல் ஸ்டார்ட் செய்து பார்த்தால் அது உதைக்கும், கயிற்றைக் கையிலிருந்து பறிக்கும், சில சமயம் ஓடவே ஓடாது. பழைய எஞ்சின் வாங்கும்போது மேசை மேல் வைத்து ஓடவில்லை என்பதற்காக அதைக் குறைசொல்ல வேண்டாம். பிளேடோடு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

திறனும் வகையும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 21 அங்குலப் பிளேடுள்ள புல்வெட்டிக்கு 140 முதல் 190 சிசி வரையிலான எஞ்சின் போதும். பழைய கொள்ளளவை ஒட்டியே வாங்குங்கள். இப்போது பல எஞ்சின்களில் குதிரைத்திறனுக்குப் பதில் முறுக்குவிசையே எழுதப்படுகிறது. 675 என்று வரிசை எண் போட்ட பிரிக்ஸ் எஞ்சின் 6.75 அடி-பவுண்டு, அதாவது சுமார் 9.2 நியூட்டன் மீட்டர் தரும் என்று பொருள்.

கிடைமட்ட ஷாஃப்ட் எஞ்சினை நிமிர்த்தி வைத்து ஓட்ட முடியாது. உள்ளே ஆயிலை வாரித் தெளிக்கும் அமைப்பு அந்த நிலைக்காகவே செய்யப்பட்டது என்பதால் சில நிமிடங்களில் பேரிங்குகள் காய்ந்துவிடும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் இருந்த இடத்தில் ஃபோர் ஸ்ட்ரோக் வைப்பவர்கள் சரிவான நிலத்தை நினைவில் கொள்ள வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயில் பெட்ரோலோடு கலந்தே போவதால் எந்தச் சரிவிலும் அது ஓடும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினிலோ ஆயில் அடியில் தேங்கி நிற்கிறது. அதிகம் சாய்ந்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி மறுபக்கம் வறண்டுவிடும். எஞ்சினின் கையேட்டில் அனுமதிக்கப்பட்ட சரிவு கொடுக்கப்பட்டிருக்கும்.

பழைய எஞ்சினைக் கழற்றுதல்

முதல் வேலை ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி, அது தானாகத் திரும்பத் தொட்டுவிடாதபடி தள்ளிக் கட்டிவைப்பது. எஞ்சின் செத்ததுதானே என்று இதைத் தவிர்க்க வேண்டாம். பேட்டரி இருந்தால் அதன் நெகட்டிவ் ஒயரை முதலில் அகற்றுங்கள். பிறகு பெட்ரோலைத் திறந்தவெளியில் உரிய கலனில் வடித்துவிட்டு, ஆயிலையும் வடியுங்கள். வடித்த ஆயிலை மண்ணில் கொட்டாமல் மூடிய கேனில் சேர்த்து வைத்து, பழைய ஆயில் வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

எதையும் அவிழ்ப்பதற்கு முன் கேபிள்கள் எந்தத் துளையில், எந்தப் பக்கத்திலிருந்து, எந்த ஸ்பிரிங்கோடு மாட்டியிருக்கின்றன என்பதை நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட் எந்த வழிகாட்டிக் கம்பிகளுக்கு உள்ளே போகிறது என்பதற்கும் தனியாக ஒரு படம் வேண்டும். புதிய எஞ்சினில் கேபிள் மாட்டும் இடங்கள் வேறாக இருக்கும்போது இந்தப் படங்கள்தான் துணை.

இயந்திரத்தைச் சாய்க்கும்போது கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேல்பக்கம் இருக்கும்படி சாய்க்க வேண்டும். தடித்த கையுறை அணிந்து, பிளேடுக்கும் டெக்குக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துப் பிளேடு போல்டைத் தளர்த்துங்கள். குவிந்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளேடு வந்துவிடும், அடாப்டர்தான் வராது. வருடக்கணக்கான ஈரமும் புல்சாறும் சேர்ந்து அதை ஷாஃப்டோடு துருவால் ஒட்டியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை மேலிருந்தும் கீழிருந்தும் விட்டு ஓரிரவு ஊறவையுங்கள், பிறகு இரண்டு அல்லது மூன்று கால்களுள்ள புல்லர் என்னும் இழுக்கும் கருவியை மாட்டி நிதானமாக இழுங்கள். எஞ்சின் செத்தது என்பதால் சுத்தியலால் அடிக்கத் தோன்றும். ஆனால் அடி விழுவது அடாப்டரின் மேல், அதுவோ புதிய எஞ்சினுக்கும் வேண்டிய பொருள். வளைந்த அல்லது விரிசல் விட்ட அடாப்டரை மாற்றிவிடுவதே நல்லது.

அதன்பின் பெல்ட்டையும் கேபிள்களையும் விடுவித்து, டெக்கின் மூன்று அல்லது நான்கு போல்ட்களையும் கழற்றினால் எஞ்சின் மேலே வந்துவிடும். சிறு எஞ்சின் 10 கிலோ அளவில் இருக்கும். இரட்டை சிலிண்டர் எஞ்சினுக்கு இன்னொருவர் துணை அவசியம்.

டெக் இப்போது வெறுமையாக இருப்பதால் அதைச் சுத்தம் செய்து துருவைச் சுரண்டிப் பாருங்கள். எஞ்சின் உட்காரும் பகுதியில் விரிசலோ துருவால் மெலிந்த தகடோ இருந்தால் இந்த வேலையை இங்கேயே நிறுத்திவிட வேண்டும். வேகமாகச் சுழலும் பிளேடின் முழு அதிர்வையும் தாங்குவது அந்தத் தகடுதான்.

புதியதை உட்காரவைத்தல்

எஞ்சினை டெக்கில் வைத்து, போல்ட்களைக் கையால் மட்டும் திருகி, நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள். ஷாஃப்ட் துளையின் நடுவில் நிற்கிறதா, சைலன்சர் எதன்மேலும் மோதாமல் இருக்கிறதா, ஸ்டார்ட்டர் கயிறு கைப்பிடியை நோக்கி வருகிறதா, ஆயில் வடிக்கும் வழி அடைபடாமல் இருக்கிறதா என்பவையே அவை. சைலன்சரின் வெப்பக்காற்று பிளாஸ்டிக் டெக்கையோ, பெட்ரோல் டேங்கையோ, புல் சேரும் துணிப்பையையோ நேராகத் தாக்கக் கூடாது. அப்படி அமைந்தால் எஞ்சினை ஒரு துளை தள்ளித் திருப்பி வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த எஞ்சினுக்கென்று விற்கப்படும் வேறு திசைச் சைலன்சரையும் தடுப்புத் தகட்டையும் வாங்குங்கள்.

துளைகள் சற்று விலகியிருந்தால் அவற்றை அரத்தால் நீட்டாதீர்கள். எஞ்சினை ஷாஃப்ட் நடுவில் வரும்படி வைத்து, புதிய இடங்களைக் குறித்துப் புதிதாகவே துளையிடுங்கள். புதிய துளை பழைய துளையை ஒட்டியே வந்தால் இரண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய உலோகம் அதிர்வில் கிழிந்துவிடும். அந்த நிலையில் எஞ்சினுக்கும் டெக்குக்கும் இடையே 5 அல்லது 6 மி.மீ. எஃகுத் தகட்டை வெட்டி வைத்து, தகட்டைப் பழைய துளைகளிலும் எஞ்சினைத் தகட்டின் புதிய துளைகளிலும் பிடிக்கலாம். தகட்டின் தடிமன் அளவுக்குப் பிளேடு மேலே ஏறும் என்பதை மறந்துவிடாமல் நீளக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். போல்ட்களைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்குவதும், எஞ்சின் கையேடு சொல்லும் விசைக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குவதும் அவசியம்.

பிரேக் கேபிள்தான் பெரும்பாலும் தகராறு செய்யும் கேபிள். பழைய கேபிளின் முனை புதிய எஞ்சினின் நெம்புகோலில் மாட்டிவிடும், ஆனால் இழுக்கும் தூரம் ஒத்துவராது. கைப்பிடியை முழுவதும் அழுத்தியபோது பிரேக் பட்டை ஃப்ளைவீலை முழுமையாக விட்டிருக்க வேண்டும். கைப்பிடியை விட்டதும் கேபிளில் சற்றே தளர்வு இருக்க வேண்டும், அப்போதுதான் ஸ்பிரிங்கின் முழு விசையும் பட்டையில் இறங்கும். பட்டை பாதி உரசிக்கொண்டே ஓடினால் அது கருகிவிடும். திராட்டில் கேபிள் இருந்த இயந்திரத்தில் நிலையான வேகம் கொண்ட எஞ்சினை வைத்தால் அந்தக் கேபிளை அகற்றிவிடலாம்.

பிளேடைப் பொருத்துதல்

ஷாஃப்டின் மேல் மெல்லியதாகக் கிரீஸ் அல்லது பற்றிக்கொள்ளாமல் தடுக்கும் பசையைத் தடவினால் அடுத்த முறை அடாப்டர் சிரமமில்லாமல் வரும். மரையில் அதைத் தடவாதீர்கள், இறுக்கும் விசையின் கணக்கு பிசகிவிடும். கீயைப் பள்ளத்தில் வைத்து அடாப்டரைக் கையால் தள்ளினால் அது ஷாஃப்டின் தடித்த பகுதி தொடங்கும் விளிம்பு வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் அடாப்டரின் உட்புறத் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். புதிய எஞ்சினின் ஷாஃப்ட் முனையில் சுத்தியல் படவே கூடாது. அந்த அடி நேராக உள் பேரிங்கையும் கிராங்க்கேஸையும் தாக்கும். கீ தொலைந்துவிட்டால் கையில் கிடைக்கும் கடின எஃகைச் செதுக்கி வைக்காமல் அதற்குரிய கீயையே வாங்குங்கள். மோதலின்போது எது முதலில் உடைய வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் கணக்கிட்டே அதைத் தேர்ந்திருக்கிறார்கள்.

பிளேடின் மேல்நோக்கி வளைந்த சிறகு டெக்கைப் பார்த்து இருக்க வேண்டும். பொருத்துவதற்கு முன் பிளேடின் நடுத்துளையை ஓர் ஆணியில் மாட்டிப் பார்த்து, தாழும் பக்கத்தை அரத்தால் தேய்த்துச் சமன்செய்யுங்கள். பிளேடு போல்ட் புதியதாக இருப்பதே சிறப்பு. பெரும்பாலான சிறு புல்வெட்டிகளில் அதை இறுக்கும் விசை 50 முதல் 80 நியூட்டன் மீட்டருக்குள் வரும். சரியான எண் புல்வெட்டியின் கையேட்டில் இருக்கும், அதுவே இறுதியானது. கடைசியாக ஒரு நேர்ச்சட்டத்தை டெக்கின் அடிவிளிம்பில் குறுக்கே வைத்துப் பிளேடைக் கையால் சுழற்றுங்கள். இரண்டு முனைகளும் சட்டத்துக்கு உட்பக்கமே, ஒரே இடைவெளியில் கடக்க வேண்டும்.

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியில் ஒயரிங்

இங்கே ஒரே ஒரு தவறு புதிய எஞ்சினைக் கொன்றுவிடும். பேட்டரி இல்லாமல் ஃப்ளைவீலின் காந்தத்தால் ஸ்பார்க் தரும் மேக்னெட்டோ இக்னிஷன் கொண்ட எஞ்சினை நிறுத்த, அதன் நிறுத்து ஒயரைப் பாடியோடு இணைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒயருக்குப் பேட்டரியின் 12 வோல்ட் போனால் இக்னிஷன் காயில் எரிந்துவிடும். மிகப் பழைய டிராக்டர் வகைகளில் பேட்டரியால் இயங்கும் இக்னிஷன் இருந்தது. அவற்றின் சாவி ஸ்விட்ச் ஓடும் நிலையில் 12 வோல்ட்டை அனுப்பும். அத்தகைய இயந்திரத்தில் மேக்னெட்டோ எஞ்சினை வைப்பவர் ஸ்விட்சையே மாற்ற வேண்டும். பழைய ஒயரின் நிறத்தை நம்பாமல், சாவியை ஒவ்வொரு நிலையிலும் வைத்து மல்ட்டிமீட்டரால் அளந்து பார்த்த பிறகே எதையும் இணைக்கலாம்.

கார்புரேட்டரின் அடியில் பெட்ரோலை நிறுத்தும் சொலினாய்டு இருந்தால் அதற்கு மட்டும் ஓடும் நிலையில் 12 வோல்ட் தேவை. சார்ஜ் ஆகும் ஒயரின் கனெக்டர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பிளேடு கிளட்ச் மின்சாரத்தில் இயங்கினால் அதற்கு ஈடுகொடுக்கும் ஆம்பியர் புதிய எஞ்சினின் ஸ்டேட்டரில், அதாவது மின்சாரம் உண்டாக்கும் சுருளில், இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இருக்கை ஸ்விட்ச், பிரேக் ஸ்விட்ச் ஆகிய பாதுகாப்பு ஸ்விட்சுகளை இணைப்பது சிரமமாக இருக்கிறது என்று ஒருபோதும் நேராகக் கோத்துவிடாதீர்கள்.

முதல் ஓட்டமும் வேகமும்

புதிய எஞ்சின்கள் பொதுவாக ஆயில் இல்லாமலேயே வருகின்றன. சிறு எஞ்சினுக்கு அரை லிட்டர் அளவில் பிடிக்கும். கையேடு சொல்லும் எஸ்.ஏ.இ. 30 அல்லது 10டபிள்யூ-30 ஆயிலைச் சிறிது சிறிதாக ஊற்றி, ஆயில் கம்பியில் மேல்குறி வரை மட்டும் நிரப்புங்கள். புதிய பெட்ரோலையே பயன்படுத்துங்கள். இயந்திரத்தைத் திறந்தவெளியில், கல்லில்லாத தட்டையான தரையில் நிறுத்திவிட்டு, இப்போதுதான் ஸ்பார்க் பிளக் ஒயரை மாட்ட வேண்டும்.

ஓடத் தொடங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது பிரேக். கைப்பிடியை விட்டு மூன்று எண்ணுவதற்குள் பிளேடு நிற்காவிட்டால் கேபிளைச் சரிசெய்யும் வரை புல்லைத் தொட வேண்டாம்.

அடுத்தது வேகம். இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. பொதுப் பயன்பாட்டுக்கென்று விற்கப்படும் எஞ்சின்கள் நிமிடத்துக்கு 3600 சுற்று வரை ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கலாம்; புல்வெட்டி எஞ்சின்களோ பெரும்பாலும் 3000-ஐ ஒட்டியே அமைக்கப்படுகின்றன. அமெரிக்கப் பாதுகாப்புத் தரம் பிளேடு முனையின் வேகத்துக்கு நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது வினாடிக்குச் சுமார் 96.5 மீட்டர் என்ற உச்சவரம்பை வைத்திருக்கிறது. பிளேடின் நீளத்தை மீட்டரில் எடுத்து, 3.1416-ஆலும் நிமிடச் சுற்றுகளாலும் பெருக்கி, 60-ஆல் வகுத்தால் முனையின் வேகம் கிடைக்கும். 21 அங்குலப் பிளேடு என்பது 0.533 மீட்டர். 3000 சுற்றில் அதன் முனை வினாடிக்கு 83.7 மீட்டர் வேகத்தில் போகிறது. 3600 சுற்றில் 100.5 மீட்டர். வரம்பு மீறப்பட்டுவிட்டது. அந்தப் பிளேடுக்கு ஏறத்தாழ 3450 சுற்றுதான் எல்லை, நடைமுறையில் 3000 முதல் 3100 வரை வைத்துக்கொள்வதே தக்கது. வரம்பை மீறிய பிளேடு ஒரு கல்லை அடித்தால் அந்தக் கல்லும், உடைந்தால் அந்தப் பிளேடுமே, எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வேகத்தை அளக்க ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றும் சிறிய டேக்கோமீட்டர் போதும். ஒரு விவரம்: ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினாக இருந்தாலும் மேக்னெட்டோ உள்ள ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஸ்பார்க் வரும். கருவியைச் சுற்றுக்கு ஒரு ஸ்பார்க் என்று அமைக்காவிட்டால் இரு மடங்கு அல்லது பாதி எண் வரும். வேகம் கூடுதலாக இருந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, கையேடு காட்டும் உச்ச வேகத் திருகைச் சற்றே திருப்புங்கள். திருகு இல்லாத எஞ்சின்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தகட்டு நாக்கை வளைத்துச் சரிசெய்வார்கள். கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவதோ, கையில் கிடைக்கும் வேறு ஸ்பிரிங்கை மாட்டுவதோ கூடாது.

அதிர்வு வழக்கத்தைவிட அதிகமாகத் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். முதலில் பிளேடை நூற்றெண்பது டிகிரி திருப்பி மாட்டிப் பார்த்து, மாற்றம் இல்லாவிட்டால் பிளேடின் சமநிலையையும், பிறகு அடாப்டரையும், இறுதியில் ஷாஃப்டையும் அந்த வரிசையிலேயே சோதியுங்கள்.

அரைமணி நேரம் ஓடி எஞ்சின் ஆறிய பிறகு டெக் போல்ட்களையும் பிளேடு போல்டையும் மறுபடியும் டார்க் ரென்ச்சால் இறுக்கிப் பாருங்கள். புதிதாகத் துளையிட்ட டெக்கிலும் இடைத்தகடு வைத்த டெக்கிலும் போல்ட்கள் சற்றுத் தளர்ந்திருப்பது வழக்கம். முதல் ஆயிலை நீண்ட நாள் வைத்திருக்க வேண்டாம். சில நிறுவனங்கள் 5 மணி நேரத்திலேயே மாற்றச் சொல்கின்றன, சில 20 மணி நேரம் வரை விடுகின்றன. வடித்த ஆயிலில் நுண்ணிய உலோகப் பொடி மினுங்கினால் அது புதிய எஞ்சினில் இயல்பு. அடுத்த முறை வடிக்கும்போதும் அதே அளவு மினுங்கினால் எஞ்சினை உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே காட்டிவிடுவது நல்லது. பழைய எஞ்சினின் கார்புரேட்டர், இக்னிஷன் காயில், ஸ்டார்ட்டர் உறை ஆகியவை உடையாமல் இருந்தால் அவற்றைக் கழற்றித் துடைத்து, மாடல் எண்ணை எழுதி ஒட்டி வைத்துவிட்டு மீதியைப் பழைய இரும்புக்குப் போடலாம்.